பழையதை ஓட்டிவிட்டுப் புதியதை ஓட்டினோம்

எனக்கு இன்னும் தலை நரைக்கவில்லை. ஓய்வுபெற்றவன் என்று சொல்லிக்கொண்டால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். ஆனால் சாஃப்ட்வேர் சோதிக்கிற வேலையைப் பொறுத்தவரை நான் ஓய்வுபெற்றவன்தான். அரசுத் தேர்வு எழுதி, இளநிலை உதவியாளராகி, இப்போது திருவேங்கடத்தில் ஓர் அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறேன். பழைய நாற்காலிக்குத் திரும்பிப் போகப்போவதில்லை.

இதை எழுதச் சொன்னது கோமதி. சங்கரன்கோவில் ஆபீசில் என் இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். போன மாதம் போனில் பேசும்போது கேட்டாள்: "அண்ணே, இப்போ டெஸ்ட் எல்லாம் மெஷினே எழுதித் தந்துருது. நாங்க ஓட்டிப் பாத்து, பச்சை வந்தா அனுப்பிருதோம். நீங்கள்லாம் வருசக்கணக்கா உக்காந்து அப்படி என்னதான் செஞ்சீங்க? புதுசா சேந்த பிள்ளைகளுக்கு ஏதாச்சும் எழுதித் தாங்களேன்."

பாதி கேலிதான். ஆனால் பச்சை என்றதும் எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் படித்தேறிய முதல் ஆள் நான். அப்பா விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருக்கு என் வேலையை விளக்க ரொம்பப் பாடுபட்டேன்.

"கம்ப்யூட்டர்ல எழுதுதியா?"

"இல்லப்பா. இன்னொருத்தர் எழுதுனத சரியா இருக்கான்னு பாக்குதேன்."

"அவன் சரியா எழுதியிருந்தா?"

"சரின்னு சொல்லுவேன்."

"அதுக்கா சம்பளம் தாரான்?" என்று கேட்டுவிட்டு, "துணியில ஓட்டை பாக்க ஒருத்தன வச்சிருப்பாகளே, அது மாதிரியா?" என்றார். அதுமாதிரிதான் என்றேன். "அவன யாருக்கும் பிடிக்காதேலே" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

கல்லூரியையும், வேலைக்கு முன்னால் கற்றுக்கொடுத்த மாதங்களையும் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாடம் ஆங்கிலத்தில் நடந்தது, நான் தமிழில் புரிந்துகொண்டேன், பரீட்சையில் மறுபடி ஆங்கிலத்தில் எழுதினேன். வேலை கற்றது ஆபீசில்தான். ராஜபாளையம் ரோட்டில் ஓர் உரக்கடைக்கு மேல் மாடி. தலைமை ஆபீஸ் சென்னையில். ஊர் ஊராகக் கிளை வைத்திருந்த ஒரு மருந்துக்கடை நிறுவனத்துக்கு பில் போடுகிற சாஃப்ட்வேர் நாங்கள் செய்து கொடுத்தோம்.

எங்கள் டெஸ்டிங் லீட் பியூலா அக்கா. புளியங்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வந்ததும் நாங்கள் முந்தின நாள் எழுதிய தவறு அறிக்கைகளை வாய்விட்டுப் படிப்பார். ஏற்றம் இறக்கம் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அறிவிப்பு வாசிக்கிற குரலில். 'சில நேரங்களில் பிழை வருகிறது' என்று நீங்கள் எழுதியிருந்தால் 'சில நேரங்களில்' என்ற இடத்தில் நின்றுவிடுவார். மேலே போகமாட்டார். எந்த நேரம் என்று நீங்களாகச் சொல்லும்வரை திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அதைவிடப் பெரிய தொல்லை, நாங்கள் எழுதிய படிகளை அவரே செய்து பார்ப்பது. எழுதியதை மட்டும் செய்வார். எழுதாததைத் தெரிந்தாலும் செய்யமாட்டார். ஒரு தடவை, எந்த ஃபோல்டரில் நின்று கட்டளையை ஓட்ட வேண்டும் என்று நான் குறிப்பிடவில்லை. அவர் தன் சொந்த ஃபோல்டரிலேயே நின்று ஓட்டினார். ஒன்றும் வரவில்லை. கை கட்டி உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணும் வரலியே மாரியப்பன்."

"அக்கா, பில்ட் ஃபோல்டருக்குப் போயி ஓட்டணும்க்கா."

"அப்படியா? எங்கன எழுதியிருக்கு?"

அவருக்குத் தெரியாததா? அந்த ஃபோல்டரை உண்டாக்கியதே அவர்தான். எரிச்சலாக வரும். ஆனால் அதற்குப் பிறகு நான் ஃபோல்டர் பெயரை விட்டதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நிரல் எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு துண்டாக எழுதுவார்கள். அதையெல்லாம் சேர்த்து, அடுக்கி, மேலே ஒரு பதிப்பு எண் போட்டு, ஒரே பொதியாகக் கட்டினால்தான் கடைகளில் இருக்கிற கணினிகளுக்கு அனுப்ப முடியும். கட்டுகிற வேலையை எங்களிடம் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஒரு ஃபைல், செய்தது. எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவர் எழுதியது. அவருக்குப் பின் வந்தவர்கள் தங்கள் பங்குக்கு நாலு நாலு வரி சேர்த்திருந்தார்கள். அதில் கை வைக்க எல்லோருக்கும் பயம். நடுவில் ஒரு வேலை கெட்டுப்போனாலும் நிற்காமல் ஓடி, கடைசியில் 'வெற்றி' என்று எழுதிவிட்டு முடியும்.

இதைப் பைத்தான் மொழியில் புதிதாக எழுதுவது என்று முடிவானது. எழுதியவன் வேல்முருகன். என் பக்கத்து நாற்காலி, என் வயது. குருவிகுளம் பக்கம். எழுதும்போது வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே எழுதுவான். அந்த வருசம்தான் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி சுபா நர்ஸ். எங்கெங்கோ ஒப்பந்தத்தில் வேலை பார்த்து, காத்திருந்து, சங்கரன்கோவில் அரசு ஆஸ்பத்திரியில் நிரந்தரப் பணி வாங்கியிருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே ஊரில் வேலை, சொந்த ஊருக்கும் பக்கம். வேல்முருகன் அதை ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவான்.

அதனால்தான் சென்னை மேலாளர் கூட்டத்தில் சொன்னது அவனைப் பிடித்து உலுக்கியது. புதிய கருவி மாதக் கடைசிக்குள் ஓட ஆரம்பித்தால் பொதி கட்டுகிற வேலை முழுவதும் சங்கரன்கோவிலிலேயே இருக்கும். இல்லாவிட்டால் அதைச் சென்னைக்கு எடுத்துக்கொள்வார்கள். எழுதியவரும் கூடவே போகவேண்டும். 'தயார்' என்று கையெழுத்துப் போட வேண்டிய டெஸ்டர் நான்.

சோதிக்கிற முறை எளிமையானது. ஒரே நிரல் துண்டுகளைப் பழையதிடமும் கொடுப்பது, புதியதிடமும் கொடுப்பது. இரண்டு பொதிகளையும் பிரித்து, ஃபைலுக்கு ஃபைல் ஒப்பிடுவது. ஒன்றுபோல் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

தொடக்கத்திலேயே ஒரு சண்டை வந்தது. ஒரு ஃபைலின் பெயருக்கு நடுவில் இடைவெளி இருந்தது. பழைய ஸ்கிரிப்ட் அதை இரண்டு பெயராகப் பிரித்துப் படித்து, இரண்டும் கிடைக்காமல், பேசாமல் விட்டுவிட்டுப் போனது. வேல்முருகனுடையது சரியாக எடுத்துப் பொதியில் வைத்தது. நான் சிவப்பு போட்டேன்.

"ஏலே, பழசுக்குத் தெரியாதது என்னோடதுக்குத் தெரியுது. மாலை போடணும்லே. நீ ஃபெயில் போடுத?"

"ஒண்ணுபோல இல்லயே."

"பியூலாக்கா, நீங்களே சொல்லுங்க. பழசு செஞ்ச தப்பையும் நான் பாத்து எழுதணுமா? பரீட்சையில காப்பியடிக்கவன்கூட தப்பத் திருத்தித்தான் எழுதுதான்."

"அதான் மாட்டிக்கிடுதான்" என்றார் அக்கா, தலையைத் தூக்காமல். "முதல்ல பழசு மாதிரியே தப்புப் பண்ணட்டும் வேலு. அது நடந்த பெறகு ஒரு நாளு உக்காந்து திருத்துவோம். மாத்துறதையும் திருத்துறதையும் ஒண்ணாச் செஞ்சா, நாளைக்கு ஒண்ணு கெட்டா எதனால கெட்டுச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

அன்றிலிருந்து வேல்முருகன் பழையதை வரிக்கு வரி அப்படியே கொண்டுவந்தான். கோபத்தோடுதான், ஆனால் நாணயமாக.

எங்களிடம் பொதி கட்ட இருந்தது ஒரே இயந்திரம். கடைகள் திறப்பதற்கு முன்னால் புது மருந்து விலைகளோடு அன்றைய பொதி போய்ச் சேர வேண்டும், எனவே காலையில் முதலில் பழையது ஓடும். அது முடிந்த பிறகுதான் புதியதைத் தொடுவோம். ஆபீசில் பழையதற்குப் 'பெரியவர்' என்றே பெயர். புதியது 'சின்னவன்'. காலையில் வந்ததும் யாராவது கேட்பார்கள்: "பெரியவர் போயாச்சா?" போயாச்சு என்றால்தான் சின்னவன் இறங்குவான். ஒருநாள் வேல்முருகன் அவசரத்தில் முதலில் தன்னுடையதை ஓட்டப் போனபோது, "பெரியவருக்கு வழி விடும்வே" என்று மூன்று பேர் ஒரே குரலில் சத்தம் போட்டார்கள். மதியம் தனியாகச் சோதிக்கும்போதும் அதே வரிசைதான். பெரியவர் முதலில், சின்னவன் பின்னால். அதை ஒரு விதி என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் அதை அக்கா வாய்விட்டுப் படிக்கவும் இல்லை.

வாரம் போகப் போகச் சிவப்பு குறைந்தது. மாதக் கடைசி நெருங்கியபோது எல்லாமே பச்சை. வேல்முருகன் எல்லோருக்கும் கருப்பட்டி மிட்டாய் வாங்கி வந்தான்.

கையெழுத்துப் போட வேண்டிய தேதிக்கு முந்தின நாள், மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை. காலைப் பொதி போன பிறகு கரண்ட் போனது. யூ.பி.எஸ். கொஞ்ச நேரம் தாங்கிவிட்டு அடங்க, இயந்திரத்தை நிறுத்தி வைத்தோம். மதியத்துக்கு மேல் கரண்ட் வந்ததும், நாளைக்குத்தான் கையெழுத்தாயிற்றே என்று, சின்னவனை மட்டும் தனியாக ஒரு தடவை ஓட்டினேன். காலையில் பெரியவர் கட்டிய பொதி கையில் இருந்தது. அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

சிவப்பு. ஒரே ஒரு ஃபைல். பதிப்பு எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

வேல்முருகனைக் கூப்பிட்டேன். அவன் பெரியவரை ஓட்டினான், பிறகு சின்னவனை ஓட்டினான். பச்சை. மறுபடி ஓட்டினான். மறுபடி பச்சை.

"கரண்ட் போயி வந்ததுல என்னமோ கிறுக்குப் பிடிச்சிருக்கு. விடுலே."

அப்படியே விட்டிருக்கலாம். போய்விட்ட தவறைப் பிடித்து வைக்க யாராலும் முடியாது. ஆனால் அறிக்கையில் நான் என்ன எழுதுவது? 'சில நேரங்களில் எண் வருவதில்லை' என்றா? நாளைக் காலையில் அந்தக் குரல் அந்த இடத்தில் நின்றுவிடும் என்று நினைத்துப் பார்த்தேன். இயந்திரத்தை மறுபடி நிறுத்தி, மறுபடி தொடங்கி, சின்னவனை மட்டும் ஓட்டினேன். எண் காலி.

அதன் பிறகு காரணம் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. பழைய ஸ்கிரிப்டில் ஒரு வரி: தற்காலிக ஃபோல்டரில் எண் ஃபைல் இருந்தால் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் உண்டாக்கு. தினமும் காலையில் இயந்திரத்தைத் தொடங்கியதும் பெரியவர் அதை உண்டாக்கிவிட்டு அழிக்காமல் போய்விடுவார். வேல்முருகன் அந்த வரியை அப்படியே கொண்டுவந்திருந்தான். சின்னவன் வந்து பார்க்கும்போதெல்லாம் ஃபைல் அங்கே தயாராக இருந்தது, எடுத்துக்கொண்டான். 'உண்டாக்கு' என்ற பகுதி ஒருநாளும் ஓடியதில்லை. அந்தப் பகுதியைப் பைத்தானுக்கு மாற்றி எழுதியதில் பிழை இருந்தது. இயந்திரம் நின்று தொடங்கினால் தற்காலிக ஃபோல்டர் துடைக்கப்பட்டுவிடும். அன்றைக்குத்தான் சின்னவன் முதல் தடவையாகக் காலி வீட்டுக்குள் நுழைந்தான்.

எண் இல்லாத பொதியைக் கடைக் கணினிகள் பழைய பொதி என்று நினைத்து ஒதுக்கிவிடும். ஒரு எச்சரிக்கையும் வராது. புது விலைகள் போய்ச் சேராது, அவ்வளவுதான்.

வேல்முருகன் நின்றவாக்கிலேயே குனிந்து பிழையைத் திருத்தினான். ஒரு வரிகூட இல்லை, அரை வரி. இயந்திரத்தை நிறுத்தித் தொடங்கி ஓட்டினோம். எண் வந்தது. பச்சை.

"முடிஞ்சிதுல்லா? டீ குடிப்போம் வா" என்றான்.

எதிர்த்த கடையில் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் நின்றோம். அவன்தான் கேட்டான்.

"என்னலே யோசிக்க?"

"இந்த ஒண்ணு பெரியவர் மிச்சம் வச்சத எடுத்துருக்கு. வேற எதெல்லாம் எடுத்துருக்குன்னு தெரியலியே வேலு."

"வேற ஒண்ணும் இருக்காது."

"இருக்காதுன்னு தெரியுமா, நெனைக்கியா?"

டீயை அவன் குடிக்கவில்லை. "மாரி, எல்லாத்தையும் மொதல்ல இருந்து ஓட்டணும்னா ஒரு வாரம் வேணும். நாளைக்குத் தேதி. உனக்குத் தெரியும்லா? அவளுக்கு இந்த ஊர்ல போஸ்டிங் கெடைக்க எத்தன பேரு கால்ல விழுந்தோம்னு தெரியும்லா?"

தெரியும் என்றேன்.

"பெறகு என்ன மயித்துக்கு யோசிக்க?" என்று சொல்லி டீயைக் கீழே கொட்டிவிட்டு ரோட்டைக் கடந்து போனான்.

மாலையில் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பியூலா அக்காவிடம் சொன்னேன். பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். படிகளைச் சொல்லச் சொல்லி, அவரே நிறுத்தி, தொடங்கி, திருத்துவதற்கு முந்தினதையும் பிந்தினதையும் ஓட்டிப் பார்த்தார். பஸ் போய்விட்டது.

"அவன் திருத்துனது சரிதான்" என்றார். பிறகு அந்த அறிவிப்புக் குரல் இல்லாமல், மெதுவாகச் சொன்னார்: "ஆனா இத்தன நாளா நாம புதுச டெஸ்ட் பண்ணவே இல்ல மாரியப்பன். பழசத்தான் ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணியிருக்கோம்."

"இப்போ என்னக்கா செய்யணும்?"

"அந்த வரிசைய நானும்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அத நான் சென்னைக்குச் சொல்லிக்கிடுதேன். ஆனா கையெழுத்து உன்னோடது. போடுன்னும் சொல்லமாட்டேன், போடாதேன்னும் சொல்லமாட்டேன். என்ன எழுதினாலும் எனக்குப் படிச்சுக் காட்டு."

மறுநாள் காலையில் எழுதினேன். என்ன செய்தோம், எந்த வரிசையில் செய்தோம், அந்த வரிசையால் எது தெரியாமல் போனது, எது இன்னும் தெரியவில்லை. கடைசி வரி: 'தயார் என்று சொல்ல இப்போது ஆதாரம் இல்லை.' அக்கா அதை வாய்விட்டுப் படித்தார். எங்கேயும் நிற்கவில்லை. வேல்முருகன் பக்கத்து நாற்காலியில் திரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

சென்னை மேலாளர் போனில் கேட்டது ஒரே கேள்வி. "அரை வரித் தப்புதானே, திருத்தியாச்சுதானே?"

"திருத்தியாச்சு சார். மத்ததப் பாக்க ஒரு வாரம் வேணும்" என்றார் அக்கா.

"வாரமெல்லாம் இல்லை. தேதி முடிஞ்சா வேலை இங்கே வந்துடும்."

"சரிங்க சார்" என்றார். அதற்கு மேல் கெஞ்சவில்லை. கெஞ்சியிருக்கலாமோ என்று நான் அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்த வாரம் முழுவதும் சின்னவனைத் தனியாக ஓட்டினோம். ஒவ்வொரு தடவையும் இயந்திரத்தை நிறுத்தித் தொடங்கி, தற்காலிக ஃபோல்டர் காலியா என்று கண்ணால் பார்த்து, சின்னவனை ஓட்டி, பொதியை வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகே பெரியவர். அதே ஜாதித் தவறு இன்னும் இரண்டு கிடைத்தது. இரண்டையும் வேல்முருகனே திருத்தினான். என்னோடு வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும் பேசினான். "ஓட்டு." "வந்துட்டு." "அடுத்து." வாரக் கடைசியில் மாற்றல் உத்தரவு வந்தது. செங்கோட்டையிலிருந்து வருகிற ரயிலில் ஒரு பெட்டியோடு சென்னைக்கு ஏறினான். வழியனுப்ப நானும் அக்காவும் போனோம். "போய்ட்டு வாரேன்" என்றான், என்னைப் பார்த்தா அக்காவைப் பார்த்தா என்று தெரியவில்லை.

புதிய கருவி சென்னையிலிருந்து ஓட ஆரம்பித்த அன்று ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு கடையிலிருந்தும் போன் வரவில்லை. கருவி மாறியதே யாருக்கும் தெரியாது.

இதற்குப் பிறகு கொஞ்ச நாள் கழித்து, சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்ள அம்மாவை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தபோதுதான் ஊசி மேஜையில் சுபா இருப்பதைப் பார்த்தேன். கல்யாணத்தில் பார்த்த முகம். அவரும் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்கதான முடியாதுன்னு எழுதுனது?"

"ஆமா."

"நீங்க எழுதுன அன்னைக்கு அவுக வீட்டுக்கு வந்து உங்கள ஏசு ஏசுன்னு ஏசுனாக. சென்னைக்குப் போற அன்னைக்கு ஏசல. என்ன ஆச்சுன்னு கேட்டேன். ரெண்டு தப்பு இன்னும் இருந்துச்சு, அவன் சொன்னது சரிதான்னாக." ஊசிக்குப் பஞ்சை எடுத்துக்கொண்டே பேசினார். "தெரியாம அனுப்பியிருந்தா என்ன ஆயிருக்கும்னு கேட்டேன். மருந்துக் கடையில ரெண்டு நாளு பழைய விலையே ஓடியிருக்கும்னாக. அம்புட்டுதானான்னேன். அம்புட்டுதான்னாக. அதுக்காகவா நான் இங்கன தனியாக் கெடக்கேன்னு இருந்துச்சு, கேட்டுக்கிடுங்க. மாசத்துக்கு ரெண்டு நாளு வாராக. வந்ததும் தூங்குதாக."

நான் யோசித்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் ஆபீசில் சொல்வதற்குச் செய்தவை.

பின்னால் வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். சுபா மேஜையில் இருந்த என் அம்மாவின் சீட்டை எடுத்தார். அதில் இருந்த பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டுத்தான் எங்களை முன்னால் வரச் சொல்லியிருந்தார். இருந்தும் அம்மாவிடம் கேட்டார்.

"பேரு சொல்லுங்கம்மா."

"இப்பத்தான தாயி நீயே கூப்பிட்ட?" என்றாள் அம்மா.

"நீங்க சொல்லுங்க."

அம்மா சொன்னாள். சுபா சீட்டைப் பார்த்தார், மருந்துக் குப்பியின் மேல் ஒட்டியிருந்ததைப் படித்தார், திரும்பவும் சீட்டைப் பார்த்தார். பிறகுதான் ஊசியை எடுத்தார்.